சாம்பிள் பழம்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய ஆராய்ச்சி அம்மையார் அவர்களுக்கு,

உன்னைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதென்றால் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி. மேலே இருப்பதெல்லாம் என் வழக்கமான வெட்டிப் பேச்சு.

போனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவேன் என்று பதினொரு வருடத்துக்கு முன்னால் சொன்னாய். சொன்னபடியே செய்தும் வருகிறாய். பிடிவாதத்தில் நீ என் ரத்தம்தான் என்பதற்கு வேறு சோதனை தேவையில்லை. இனி உனக்கு அந்தச் சிரமமும் இல்லை. குரலே என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

பழ மண்டியில் முப்பத்திரண்டு வருடம் ஏலம் கூவினேன். 'பீரங்கி' என்று பேர் வாங்கினேன். போன மழைக்காலத்தில் தொண்டை கரகரத்தது. "பீரங்கிக்குள்ளே தண்ணி பூந்துடுச்சுடோய்" என்று மூட்டை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். தேனும் வெந்நீருமாகக் குடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன். பிறகு டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. மயக்கம் கொடுத்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார். குரல்வளையில் புற்று. அம்மா சொல்லியிருப்பாள்.

இப்போது எனக்கு இரண்டு டாக்டர்கள். ஒருவர் கத்தி டாக்டர். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிடலாம், கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு, பேச்சு கிடையாது என்கிறார். இன்னொருவர் கதிர் டாக்டர். ஏழு வாரம் கதிரும் மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம், கேட்டால் குரல் மிஞ்சும், கேட்காவிட்டால் மறுபடி கத்திதான், அப்போது கஷ்டம் இரண்டு மடங்கு, ஆளே மிஞ்சாமலும் போகலாம் என்கிறார். "ரெண்டுமே சரியான வழிதான். நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று இருவரும் கையைக் கழுவிவிட்டார்கள். யாரிடம்? ஒன்பதாம் வகுப்பை ஆசை தீர இரண்டு முறை படித்த என்னிடம்.

இப்போது வருவதுதான் கடைசிப் பத்தி. உன் வேலை என்ன என்று அம்மா சொன்னாள். தொண்டைப் புற்றுச் சதையில் ஏதோ ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சாயம் போட்டுப் பார்த்து, யாருக்குக் கதிர் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று கண்டுபிடிக்கிறீர்களாம். உடம்பில் இத்தனை உறுப்பு இருக்க நீ தொண்டையைப் பிடித்தாய். என் தொண்டையை நெரிக்க வேண்டும் என்ற ஆசை அந்த அளவுக்கு. சரி, தீர்த்துக்கொள். எனக்குக் கேட்குமா, கேட்காதா? ஒரு வார்த்தை போதும். கேட்கிறேன்: ஒரு தரம்.

இப்படிக்கு,
பழுதான பீரங்கி


பிப்ரவரி 11

அப்பாவுக்கு,

கடைசிப் பத்தியை மட்டும் படிக்கச் சொன்னீர்கள். முழுவதும் படித்தேன். நான் உங்களைப் போல அவசரக்காரி அல்ல.

கேட்டதற்குப் பதில்: என்னால் சொல்ல முடியாது. இதை 'சொல்ல மாட்டேன்' என்று மாற்றிப் படித்துக்கொண்டு அம்மாவிடம் புலம்ப வேண்டாம்.

நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சதையைப் பார்த்திருக்கிறோம். எல்லோரும் கதிர் எடுத்துக்கொண்டவர்கள். அந்தப் புரதம் குறைவாக இருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் குரல்வளை மிஞ்சியிருந்தது. அதிகமாக இருந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு. அவ்வளவுதான் தெரியும். அந்த ஏழு பேர் யார், மூன்று பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. வேறு இரண்டு ஆய்வகங்களும் செய்து பார்த்து ஒத்து வந்தால்தான் எங்கள் கணக்கையே யாரும் நம்புவார்கள். அதுவரை இதை வைத்து எந்த நோயாளிக்கும் எதையும் முடிவு செய்யக்கூடாது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நீங்கள் ஒரு தர்பூசணியில் முக்கோணமாக ஒரு துண்டு கீறி, சிவப்பைத் தூக்கிக் காட்டி, லாரிப் பாரத்தையே விற்றுவிடுகிறவர். ஒரு பழம் எப்படியோ குவியலும் அப்படி என்பது உங்கள் தொழில். என் தொழில் அதற்குத் தலைகீழ். குவியலைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கையில் இருக்கிற ஒற்றைப் பழத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தொண்டையைப் பிடித்தது உங்களுக்காக அல்ல. அந்த ஆய்வகத்தில்தான் இடம் காலியாக இருந்தது. உலகம் உங்களைச் சுற்றவில்லை.

டாக்டர்கள் சொல்வதைக் கேளுங்கள். சிகரெட்டை நிறுத்துங்கள். 'ஒரு தரம்' என்று இனி எனக்கு எழுதாதீர்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

மகள்


பிப்ரவரி 17

மகாகனம் பொருந்திய மகளுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில், இரண்டாவது முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. பத்து வருடமாகச் சாயம் போட்டுப் போட்டு நீ கண்டுபிடித்தது 'தெரியாது' என்பதா? இதை நான் பத்து வருடத்துக்கு முன்பே சும்மாவே சொல்லியிருப்பேனே. எனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது, எங்கள் மண்டி வாசலில் படுத்திருக்கிற நாய்க்கும் தெரியாது. உன்னையும் சேர்த்து நாம் நாலு பேரும் ஒரு ஆய்வகம் நடத்தலாம்.

நானூற்றுப் பன்னிரண்டு அந்நியர்களின் சதையைத் தொட்டாய். பெற்றவனின் சதையென்றால் மட்டும் கை கூசுகிறது.

ஆகவே நானே ஒரு காரியம் செய்தேன். வெட்டி எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். வேறு டாக்டரின் கருத்துக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தருவார்களாம். போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "எந்த டாக்டர்கிட்டே காட்டப் போறீங்க பெரியவரே?" என்றாள்.

"என் பொண்ணுகிட்டே."

"பொண்ணு டாக்டரா?"

"டாக்டருங்களுக்கே சொல்லிக் குடுக்கிறவ."

பொய்தான். ஆனால் சொல்லும்போது கரகரத்த வாயும் இனித்தது. அதற்காக நீ தலைகால் தெரியாமல் ஆடாதே.

சோப்பு வில்லை மாதிரி இருக்கிறது. வெள்ளை மெழுகு, நடுவில் எறும்பு கடித்த அளவுக்கு நான், ஓரத்தில் ஒரு நம்பர். உடையாமல் இருக்க என் பழைய கண்ணாடிக் கூட்டில் பஞ்சு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மண்டியில் விலை பேசப் போகிறவர்கள் முதலில் கேட்பது சாம்பிளைத்தான். நீ கேட்கவில்லை, நானே அனுப்பினேன். கீறின பழத்தைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ வளர்ந்ததே அப்படிப்பட்ட பழங்களைத் தின்றுதான்.

மார்ச் இருபதாம் தேதிக்குள் கத்தியா கதிரா என்று கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதே என்றாய். நீ சொன்னதை நான் எப்போது கேட்டேன்? இரண்டு தரம்.

இப்படிக்கு,
உன் ஒற்றைப் பழம்


பிப்ரவரி 23

அப்பாவுக்கு,

கூடு வந்தது. மெழுகுக் கட்டி உடையவில்லை. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தொட மாட்டேன்.

எழுதாதே என்று சொன்ன வார்த்தையை எழுதினீர்கள். அதனால் இதையும் நீங்கள் படிக்க வேண்டும். தமாஷ் என்று நீங்கள் பதினொரு வருடமாக அம்மாவிடம் சொல்லி வருவது என் கணக்கில் எப்படி இருக்கிறது என்று ஒரு முறையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தவரும் அவருடைய அப்பா அம்மாவும் நம் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு படித்தவர். ஐந்து வருடப் பழக்கம். யாருக்கும் பேச்சு எழவில்லை. அந்த மௌனத்தை உங்களால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, கையைத் தூக்கி, மண்டிக் குரலில் ஆரம்பித்தீர்கள்: "நல்ல சரக்கு, படிச்ச சரக்கு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு தரம்! ரெண்டு தரம்!" தெருவில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். உங்களுக்கு அந்த ஒரு பாஷைதான் தெரியும். ஆனால் அவருடைய அப்பா தொடையில் தட்டிக்கொண்டு, "கீறிப் பாத்துட்டுத்தானே எடுக்கணும், பழமாச்சே?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தவரும் சிரித்தார். நான் உங்களைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். மண்டியே நடுங்குகிற குரல் உங்களிடம் இருந்தது. நீங்கள் சிரித்தீர்கள். எல்லோரையும்விடச் சத்தமாக.

அந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்றது நான். ஒரு பையோடு வெளியே வந்ததும் நான். அந்தக் குரலைக் காப்பாற்றித் தரச் சொல்லி என்னையே கேட்கிறீர்கள்.

கத்தி டாக்டரிடம் போங்கள். குரல் இல்லாமலும் மனிதர்கள் வாழ்கிறார்கள். சிலர் நல்லபடியாகவே வாழ்கிறார்கள்.

மகள்


பிப்ரவரி 28

மகளுக்கு,

இந்த முறை அடைமொழி இல்லை. தீர்ந்துவிட்டது.

சிரித்தேன்தான். விருந்தாளி வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவர் மூக்கில் குத்தச் சொல்கிறாயா? அந்த ஆளை நம் முன்னறைக்கு அழைத்து வந்தது நீ. மாப்பிள்ளையைப் பொறுக்கத் தெரியாமல் அழுகல் பழத்தை எடுத்தது நீ. பழி மட்டும் ஏலக்காரன் மேல்.

உன் கணக்கைச் சொன்னாய். என் கணக்கிலும் ஒன்று இருக்கிறது. போன வருடம் உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நீ மூன்று நாள் வந்து போனாய், நான் மண்டிக்குப் போகிற நேரமாகப் பார்த்து. ஒரு நாள் எனக்குத் தலைவலி, வீட்டில் இருந்தேன். வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலேயே ஒரு மணி நேரம் நின்றாயாம். தையற்கடைக்காரர் சொன்னார். "உங்க பொண்ணு மாதிரி இருந்துச்சுங்க, வெயில்ல நின்னுச்சு." இல்லை, அது வேற யாரோ என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நீ வரவில்லை.

போகட்டும். வியாபாரத்துக்கு வருகிறேன். ஏலத்தின் சட்டம் உனக்குத் தெரியும், என் தோளில் உட்கார்ந்து கேட்டவள். மூன்று தரம் கூவ வேண்டும். மூன்றாவதுக்கும் கூட்டம் மௌனமாக இருந்தால் அந்த மௌனமும் ஒரு பதில்தான். சுத்தியல் விழும். பிறகு யாரும் வழக்குப் பேசக்கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு, எழுதப்படாதது. பழத்தைக் கீறிப் பார்த்தவன் வாயைத் திறக்கவில்லை என்றால் உள்ளே புழு இருக்கிறது.

சாம்பிள் உன் இழுப்பறையில் இருக்கிறது. இருபதாம் தேதி வரை பார்ப்பேன். 'கேட்கும்' என்றால் கதிர். பதில் இல்லை என்றால் புழு என்று எடுத்துக்கொண்டு கத்திக்குக் கழுத்தைக் கொடுப்பேன். நன்றாகக் கேட்டுக்கொள், இந்தக் குரலில் இதுதான் கடைசி ஏலம்.

மூன்று தரம்.

அப்பா


மார்ச் 10

அப்பாவுக்கு,

பத்து நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உங்கள் மூன்றாம் தரம் அல்ல. அதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். செருப்பு விஷயத்துக்காக மறுபடி எடுத்தேன்.

எங்கள் தலைவரிடம் போய்ச் சொன்னேன், இப்படி ஒரு கட்டி வந்திருக்கிறது, என் அப்பாவுடையது என்று. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆராய்ச்சியில் சேராத சதையைத் தொட ஒரு குழு அனுமதி தர வேண்டும். முடிவு தெரியும்வரை நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நோயாளி என்றால் நீங்கள். அதனால்தான் மௌனம். உங்கள் சட்டப்படி அதற்கு என்ன அர்த்தமோ, என் ஆய்வகத்தின் சட்டப்படி அர்த்தம் ஒன்றும் இல்லை.

முந்தாநாள் அனுமதி வந்தது. கட்டியை நானே சீவினேன். வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் போட்டேன். புரதம் இருக்கிற செல் பழுப்பாகும், இல்லாதது நீலமாக நிற்கும். உங்கள் தகட்டை இருபது தகடுகளுக்கு நடுவில் செருகி வைத்துவிட்டு எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். நூற்றுக்கு ஏழுதான் பழுப்பு. என்னோடு எண்ணுகிற சீனியர் அக்காவுக்கு எது யாருடையது என்று தெரியாது. அவள் எட்டு என்றாள். இருபதுக்குக் கீழே இருந்தால் எங்கள் கணக்கில் குறைவு. குறைவு என்றால் நல்லது.

நீங்கள் பத்தில் ஏழு பேர் இருக்கிற பக்கம். மூன்று பேரும் அதே பக்கத்தில்தான் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆய்வகம் 'இதை வைத்து முடிவு செய்யாதே' என்கிறது. மகள் சொல்கிறாள்: கதிருக்குப் போங்கள். அறிக்கையை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். கதிர் டாக்டரிடம் காட்டுங்கள்.

இருபதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கடிதம் நான்கு நாளில் வந்துவிடும். அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கலாம். அம்மா வழியாகப் பதினொரு வருடம் பேசியாயிற்று. இதை நீங்களே படிக்க வேண்டும்.

கதிர் முடிந்து குரல் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போன் செய்யுங்கள். வைக்க மாட்டேன். உங்களோடு போட வேண்டிய சண்டை நிறைய இருக்கிறது. எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

மகள்


மார்ச் 11

மகளுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் எழுதுகிறேன். கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம். மற்றபடி பயமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

நேற்று முன்தினம் கத்தி டாக்டர் கூப்பிட்டார். நாளைக்கு ஆபரேஷன் ஆக வேண்டிய ஒருவருக்குக் காய்ச்சலாம், இடம் காலி. "காத்திருந்தா அடுத்து எப்போ கிடைக்கும்னு சொல்ல முடியாது. நீங்க ரெடியா?" என்றார். வாசலில் தபால்காரரை எத்தனை நாள் பார்ப்பது? தினமும் என் முகத்தைப் பார்த்து அவரே வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார். பத்து நாள் மௌனம் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ கீறிப் பார்த்திருக்கிறாய். புழு இருந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை. புரிகிறது. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கௌரவம் குறைந்திருக்காது, அவ்வளவுதான்.

உன்னிடம் போனில் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் வந்து நீ தெரிந்துகொண்டால் போதும்.

நர்ஸ் வந்து, பேச வேண்டியதெல்லாம் இன்றைக்கே பேசிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஏதாவது சொல்லுங்க" என்றாள். முப்பத்திரண்டு வருடம் கூவினவனுக்கு ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் யோசித்து, "அடுப்பை அணைச்சிட்டுத்தானே வந்தே?" என்றேன். அவள் அழுதுவிட்டாள். அணைக்காமல் வந்துவிட்டாளோ என்று எனக்கு இப்போது வரை சந்தேகம்.

உன்னிடம் சொல்ல ஒன்று வைத்திருந்தேன். அதை வாயால்தான் சொல்ல வேண்டும். எழுதினால் மலிந்துவிடும். நீ வந்து கேட்கவில்லை. சரக்கு தேங்கிவிட்டது.

அப்பா


ஏப்ரல் 6

பாப்பாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன், ஏமாந்தாய். புற்று ஓரங்களில் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் உள்ளேயே அடங்கி வந்துவிட்டது என்று கத்தி டாக்டர் சொன்னார். கழுத்தில் ஐந்து காசு அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகத்தான் இப்போது மூச்சு, இருமல், தும்மல் எல்லாம். நேற்று தும்மினேன். எதிரில் நின்ற நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கக் குரல் இல்லாததால் கும்பிட்டேன். அவள் பதிலுக்குக் கும்பிட்டாள்.

ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு இறக்கிவிட்டார்கள். உன் அம்மாவோடு சண்டை போடுவது பெரிய பாடு. நான் பாதி எழுதும்போதே முதல் வரியைப் படித்து அவள் பதில் சொல்லி முடித்துவிடுகிறாள்.

மார்ச் 14 அன்று உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்ததாம். நான் அப்போது மூக்கில் குழாயோடு கிடந்தேன். அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். பிரிக்கவில்லை. அப்படியே இதோடு திருப்பி அனுப்புகிறேன். ஏலம் முடிந்த பிறகு ஒருவர் வந்து விலை சொன்னால் மண்டியில் அதைக் காதில் வாங்குவதில்லை. உள்ளே நீ என்ன எழுதியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இருபதாம் தேதி வரை தவணை கொடுத்தவன் நான். ஒன்பதாம் தேதியே சுத்தியலைத் தட்டினவனும் நான். மண்டியில் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே என்னை மேடையிலிருந்து இழுத்துப் போட்டு உதைத்திருப்பார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத தப்பு. அது தட்டினவன் தப்பு. வாயைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டவர் தப்பு இல்லை. எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போன் என்பதெல்லாம் இனி ஆகாத காரியம். நீ வைக்காமலே இருந்தாலும் நான் என்ன பேசுவது? ஊதத்தான் முடியும்.

வாயால் சொல்ல வைத்திருந்தது இதுதான். எழுதினால் மலிந்துவிடும் என்றேன், வேறு கடை இல்லை. அன்றைக்கு அந்த ஆள் கீறிப் பார்க்க வேண்டும் என்றபோது அவரை வெளியே போகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தேன், அடிக்கத்தான் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. கூட்டம் சிரித்தால் கூடச் சிரித்தே பழகின தொண்டை. எனக்கு முன்னால் அது முந்திக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து அதை ஒரு ஜாடியில் போட்டு எங்கேயோ எடுத்துக்கொண்டு போனார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

நீ வந்து பார்க்க வேண்டியதில்லை. பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை.

அப்பா


ஏப்ரல் 13

அப்பாவுக்கு,

கவர் வந்தது. பிரிக்காமல் அனுப்பியதற்கு நன்றி.

நான் நாக்கால் நனைத்து ஒட்டிய கவர். அது கோந்து வாசனையோடும், மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகையோடும் திரும்பி வந்திருக்கிறது. அறிக்கையை நான் மூன்றாக மடித்தேன், இப்போது நான்காக இருக்கிறது. சின்ன வித்தியாசம் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பிரிக்காத கடிதத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலும் எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்வதற்கும் குரல் வேண்டும் போலிருக்கிறது. எழுத்தில் உங்களுக்கு வரவில்லை.

எதற்காகச் சொன்ன பொய் என்று தெரிகிறது. இரண்டு நாள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. பிறகு போனேன். பத்தில் ஏழு, பத்தில் மூன்று. நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள் என்று இனி உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைத்தான் முதல் கடிதத்திலேயே சொன்னேன். சொல்வது சுலபமாக இருந்தது அப்போது.

வெள்ளிக்கிழமையை இன்னும் மன்னிக்கவில்லை. தொண்டை மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது, அது உங்கள் தொண்டை. கண்ணாடிக் கூடு என்னிடமே இருக்கட்டும். சாம்பிளைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை.

இந்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்யுங்கள். அம்மா செய்யக்கூடாது, நீங்கள் செய்ய வேண்டும். ஆமாம் என்றால் ரிசீவரில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. மீதியை நான் பேசிக்கொள்கிறேன். உங்களால் குறுக்கே பேச முடியாது என்பதை நான் முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் மணியில் எடுக்க மாட்டேன். இரண்டாவதிலும் மாட்டேன், கொஞ்சம் தவியுங்கள். மூன்றாவது மணி முடிவதற்குள் எடுப்பேன். அதுவரை வைத்துவிடாதீர்கள்.

மகள்